பாரவண்டிகளுக்கும் டிரெய்லர்களுக்கும் டயர் காற்றழுத்தக் காவல்

காரைக்கால் பகுதியில் அறுவடைக் காலம் வந்துவிட்டால் சாலைகளில் பாரவண்டிகளின் நடமாட்டம் பெருகிவிடுகின்றது. குறுவை, சம்பா நெல் மூட்டைகளை ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்கள் ஒருபுறம். திருமலைராயன்பட்டினத்தை அடுத்த வாஞ்சூரில் 2009-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய துறைமுகத்துக்கு வந்து போகும் சரக்கு லாரிகள் மறுபுறம். இவை எல்லாம் 32-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பேருந்துகளோடும் சைக்கிள்களோடும் கலந்தே ஓடவேண்டியிருக்கின்றது. இத்தகைய சாலையில் பாரவண்டியின் டயர் ஒன்று வெடிக்குமானால் நஷ்டம் வண்டிக்காரரோடு நிற்பதில்லை. எதிரே வருகிறவரின் உயிருக்கும் ஆபத்து நேரிடுகின்றது.

டயரின் காற்றழுத்தம் குறைந்தவுடன் ஓட்டுநருக்கு அறிவிக்கும் சாதனங்கள் இப்பொழுது கடைகளில் பலவிதமாகக் கிடைக்கின்றன. வியாபாரிகள் இவற்றை 'டி.பி.எம்.எஸ்.' என்பார்கள். விவசாயப் பெருமக்களும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் இவற்றை வாங்குமுன் கவனிக்கவேண்டியவை யாவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காற்று குறைவதால் நேரும் தீங்கு

வண்டியின் பாரத்தைத் தாங்குவது டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றே. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கின்றது. அதனால் உஷ்ணம் உண்டாகின்றது. உஷ்ணம் ஏற ஏற ரப்பருக்கும் உள்ளிருக்கும் இழைகளுக்கும் உள்ள பிடிப்பு தளர்ந்து, முடிவில் டயர் கிழிகின்றது அல்லது வெடிக்கின்றது. இரட்டைச் சக்கரங்களில் உட்புற டயரின் காற்று இறங்கிவிட்டால் அதன் பாரமும் வெளிப்புற டயரின் மீதே ஏறுகின்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது எளிதில் புலப்படுவதில்லை.

முன்சக்கரத்தில் காற்று குறைந்தால் ஸ்டியரிங் ஒருபக்கம் இழுப்பதைக் கொண்டு ஓட்டுநர் உடனே அறிந்துகொள்வார். ஆனால் பின்னால் இழுபட்டு வரும் டிரெய்லரின் சக்கரம் பாதி காற்றோடு ஓடினாலும் முன்னே அமர்ந்திருப்பவருக்குத் தெரியாது. ஆகவே எல்லாச் சக்கரங்களுக்கும் சாதனம் பொருத்தப் பணம் போதாதவர்கள் முதலில் டிரெய்லர் சக்கரங்களுக்குப் பொருத்துவதே அறிவுடைமை.

பிற நாடுகளிலும் நம் நாட்டிலும்

டயர் பிரிந்து நேர்ந்த விபத்துகளை அடுத்து அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 2007 செப்டம்பர் முதல் அங்கு செய்யப்படும் இலகுரக வண்டிகள் அனைத்திலும் இச்சாதனம் கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய லாரிகளுக்கும் கனரக டிரெய்லர்களுக்கும் இது கட்டாயம். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு வெளியான விதியின்படி, 3.5 டன்னுக்கு மேற்படாத வண்டிகளில் இச்சாதனமும் டயர் பழுதுபார்க்கும் கருவியும் இருந்தால் உபரிச் சக்கரம் வைத்திருக்க வேண்டியதில்லை. அது கனரக வண்டிகளைப் பற்றிய விதியன்று. லாரியும் டிரெய்லரும் வைத்திருப்போர் உபரிச் சக்கரத்தைக் கைவிடலாகாது.

இருவகைச் சென்சார்கள்

கார்கள் சிலவற்றில் சக்கரம் சுழலும் வேகத்தைக் கொண்டு காற்றுக் குறைவை ஊகிக்கும் முறை உண்டு. அது நமது டிரெய்லர்களுக்கு உதவாது. நமக்கு வேண்டியது ஒவ்வொரு டயரின் அழுத்தத்தையும் நேரே அளந்து, கம்பியில்லா அலை மூலம் ஓட்டுநர் முன் உள்ள பெட்டிக்கு அனுப்பும் சென்சாராகும். இதில் இரு வகைகள் உள்ளன.

முதல் வகை டயருக்குள்ளேயே சக்கரத்தின் இரும்பு வளையத்தில் பொருத்தப்படுவது. திருடு போகாது, டயரின் உட்புற உஷ்ணத்தையும் நன்கு அறியும். ஆயின் மின்கலம் தீர்ந்தால் பெரும்பாலும் சென்சாரையே மாற்றவேண்டும். அதற்கு டயரைக் கழற்றவேண்டும். மேலும் இது டியூப் இல்லாத டயர்களுக்கே ஏற்றது.

இரண்டாம் வகை வால்வின் மூடி இருக்கும் இடத்தில் திருகப்படுவது. டியூப் உள்ள டயருக்கும் இதனைப் பொருத்தலாம். மின்கலத்தை நாமே மாற்றிக்கொள்ளக்கூடியவையும் உண்டு. நமது டிராக்டர் டிரெய்லர்களில் பெரும்பாலானவை டியூப் டயர்களில் ஓடுவதால் அவற்றுக்கு இவ்வகையே பொருந்தும். ஆனால் திருகிய இடத்தில் காற்றுக் கசிந்தால் காவலுக்கு வந்த சாதனமே டயரை இறக்கிவிடும். பொருத்தியவுடன் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகின்றதா என்று பார்க்கவேண்டும். வால்வின் தண்டு உலோகத்தால் ஆனதாக இருத்தல் நலம். நீண்ட ரப்பர்த் தண்டு சென்சாரின் எடையால் ஆடி வெடிப்பு விடக்கூடும்.

டிராக்டரின் பெரிய பின்சக்கரத்தில் பிடிமானத்துக்காக முக்கால் பங்கு நீர் நிரப்பும் வழக்கம் உண்டு. அத்தகைய டயரில் சென்சாருக்குள் நீர் புகுந்து கெடுக்கும். அதனை அளவுகோலைக் கொண்டு, வால்வு மேற்புறம் இருக்குமாறு நிறுத்திச் சோதிப்பதே போதுமானது.

வாங்குமுன் கவனிக்கவேண்டியவை

முதலாவது, அளக்கும் எல்லை. டயர் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று கணக்கிடுகிறோம். பங்க்சர் கடையில் 'பி.எஸ்.ஐ.' என்பது இதுவே. கார் டயருக்கு 30 முதல் 35 பவுண்டு போதும். பெரிய லாரி டயருக்கு 100 முதல் 130 பவுண்டு வரை தேவைப்படும். எனவே காருக்கென்று செய்த மலிவான சென்சாரை லாரிக்கு வாங்குவது வீண். ஓட்டத்தில் அழுத்தம் இன்னும் ஏறுமாதலால், 180 பவுண்டுக்குக் குறையாமல் அளக்கும் சென்சார் லாரிக்கு வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு அச்சுக்கும் வெவ்வேறு அழுத்தத்தைக் குறிக்கும் வசதி. டிராக்டரின் முன்சக்கரம், பின்சக்கரம், டிரெய்லர் சக்கரம் ஆகிய மூன்றும் ஒரே அழுத்தத்தில் ஓடுவதில்லை. டயர் கம்பெனியார் அந்தப் பாரத்துக்குக் கூறும் அளவை ஒவ்வோர் அச்சுக்கும் பதிவு செய்யவேண்டும். அதில் 20 சதவிகிதம் குறைந்தால், அதாவது 100 பவுண்டு 80 ஆனால், மணி ஒலிக்குமாறு அமைக்கலாம்.

மூன்றாவது, அலை எட்டும் தூரம். டிரெய்லரின் கடைசிச் சக்கரம் ஓட்டுநருக்கு வெகுதூரத்தில் இருக்கின்றது. நடுவே இரும்புச் சட்டமும் பாரமும் அலையைத் தடுக்கின்றன. ஆகையால் நீண்ட வண்டிகளுக்கு, அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் துணைப் பெட்டி ஒன்றும் சேர்த்து வாங்கவேண்டும்.

நான்காவது, டிரெய்லரை மாற்றும் வசதி. ஒரே டிராக்டரில் இன்று நெல் டிரெய்லரையும் நாளை தண்ணீர் டாங்கியையும் பூட்டுகிறோம். பூட்டும் டிரெய்லரின் சென்சார்களை எளிதில் மாற்றித் தெரிந்துகொள்ளும் பெட்டியே நமக்கு உதவும். இல்லையேல் நேற்றுக் கழற்றிவிட்ட டிரெய்லருக்காக இன்று மணி ஒலித்துக்கொண்டிருக்கும். ஓட்டுநரும் சலித்துப்போய் அதனை அணைத்துவிடுவார்.

ஐந்தாவது, உழைப்புத் திறன். நமது கடற்கரைக் காற்றில் உப்பு மிகுதி. வயலிலோ சேறும் நீரும். தூசியும் நீரும் புகாதது என்பதற்கு அடையாளமாக 'ஐ.பி. 67' என்ற குறி இருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். டிராக்டரில் பெட்டி வெயிலிலும் மழையிலும் நனையுமாதலால் அதற்கும் இக்காப்பு அவசியம். எழுத்து வெயிலில் தெரியவேண்டும். மணியின் ஒலி இயந்திரச் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டும். டிராக்டரின் மின்சாரம் 12 வோல்ட். பெரிய லாரிகள் பலவற்றில் 24 வோல்ட். இரண்டுக்கும் ஏற்றதாக வாங்கினால் மாற்றிப் பயன்படுத்தலாம்.

பொதுப் பணத்தில் வாங்கும்பொழுது

திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய கொம்யூன் பஞ்சாயத்துகளில் குடிநீருக்கோ குப்பைக்கோ டிரெய்லர் வண்டி ஓடும் இடங்களில் இச்சாதனம் வாங்க எண்ணுவோர், டெண்டரில் 'டி.பி.எம்.எஸ். ஒரு செட்' என்று மட்டும் எழுதினால் குறைந்த விலைக்குக் காருக்கான பொருளே வந்து சேரும். டயர் டியூப் உள்ளதா, சக்கரங்கள் எத்தனை, அழுத்தம் எவ்வளவு, துணைப் பெட்டி வேண்டுமா, மின்கலமும் உதிரி சென்சாரும் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பவற்றைத் தெளிவாக எழுதுதல் வேண்டும். ஒரு வண்டியில் பொருத்தி ஒரு பருவம் ஓட்டிப் பார்த்தபின் மற்ற வண்டிகளுக்கு வாங்குவது சிக்கனம்.

சாதனம் செய்யாதவை

சென்சார் டயருக்குக் காற்றடிக்காது. ஆணி குத்துவதையும், அதிகப் பாரம் ஏற்றுவதையும், தேய்ந்த டயரையும் தடுக்காது. நாள்தோறும் புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்பொழுது அளவுகோலால் சோதிக்கும் பழக்கத்தை விடக்கூடாது.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளவேண்டும். ஓடும்பொழுது டயர் சூடேறி அழுத்தம் உயர்வது இயற்கை. 30 டிகிரி உஷ்ணத்தில் 100 பவுண்டாக இருந்த டயர், உட்காற்று 60 டிகிரி ஆனால் சுமார் 111 பவுண்டு காட்டும். இதைக் கண்டு பயந்து வழியில் காற்றை இறக்கிவிடுவோர் உண்டு. அப்படிச் செய்தால் டயர் குளிர்ந்தபின் காற்று போதாமற் போகும். மறுநாள் ஓட்டத்தில் முன்னினும் அதிகமாகச் சூடேறும். மற்றச் சக்கரங்களைவிட ஒன்று மட்டும் மிகுதியாகச் சூடேறினால் வண்டியை ஓரமாக நிறுத்தி, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கின்றதா, பேரிங்கில் கிரீஸ் உள்ளதா என்று பார்க்கவேண்டும்.

வயலுக்கும் களத்துக்கும் இடையே மெதுவாகச் செல்லும் டிரெய்லருக்கு நல்லதோர் அளவுகோலே போதும். அதன் விலை அற்பமே. நெடுஞ்சாலையில் பாரத்தோடு வெகுதூரம் செல்லும் லாரிக்கும் டிரெய்லருக்கும் சென்சார் பொருத்துவது செலவுக்குத் தக்க பயன் தரும். தம் வண்டி எவ்வகை, தம் சாலை எவ்வகை என்று ஆராய்ந்து, அதற்கேற்பத் தேர்ந்தெடுத்து வாங்குவார்களாயின் விவசாயிகளின் பணமும் மீதமாகும். சாலையில் செல்வோர் உயிருக்கும் பாதுகாப்புக் கிட்டும்.