உருபொருள் என்பது ஓர் எண்: என்டிடி நிரலகத்தின் தரவமைப்பு

முன்னுரை

கணினி விளையாட்டுகளில் வீரர், எதிரி, மரம், அம்பு எனப் பலவகைப் பொருள்கள் இயங்குகின்றன. பொருள்நோக்கு நிரலாக்கத்தில் இவற்றை இனக்குழுக்களாக வகுத்து மரபுரிமத்தால் இணைப்பது வழக்கம். ‘நகர்வன’, ‘தாக்குவன’ என இரு கிளைகள் அமைந்தபின், இரண்டையும் செய்யும் பொருளை எக்கிளையில் வைப்பது என்னும் சிக்கல் எழுகிறது. இதற்குத் தீர்வாக வளர்ந்ததே உருபொருள்–கூறு–செயலமைப்பு என்னும் வடிவமைப்பு முறை. இம்முறையைச் சி++ மொழியில் வழங்கும் திறமூல நிரலகம் என்டிடி. மோஜாங் நிறுவனத்தின் மைன்கிராஃப்ட் விளையாட்டிலும் இது பயன்படுகிறது. இதன் எளிமை எதனால் அமைகிறது, அதற்கு ஈடாக எதனை இழக்க நேர்கிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று உறுப்புகள்

உருபொருள் என்பது ஓர் அடையாள எண் மட்டுமே. கூறு என்பது இடம், வேகம் போன்ற தரவு. செயலமைப்பு என்பது குறிப்பிட்ட கூறுகளை உடைய உருபொருள்கள் அனைத்தின்மீதும் இயங்கும் நிரல். இடமும் வேகமும் பெற்றது எதுவாயினும் நகரும். வேகத்தை நீக்கினால் நின்றுவிடும்.

என்டிடியில் அடையாள எண் இயல்பாக 32 பிட் அளவுடையது. அதில் 20 பிட் வரிசை எண்ணுக்கும் 12 பிட் பதிப்பு எண்ணுக்கும் உரியவை. அழிந்த உருபொருளின் வரிசை எண் மீண்டும் வழங்கப்படும்போது பதிப்பு எண் மாறியிருக்கும். எனவே பழைய எண் இன்னும் செல்லுமா என்பதை நிரல் சோதித்தறியலாம்.

இரு அணிகள்

ஒவ்வொரு கூறுக்கும் ஒரு கணம் உண்டு. அக்கணம் அடர் அணி, இடைவெளி அணி என்னும் இரண்டால் ஆனது. நிரல்பெயர்ப்பிகளின் தேவைக்காகப் பிரிக்ஸ், டோர்க்சன் ஆகியோர் 1993இல் விளக்கிய தரவமைப்பே இதன் அடிப்படை.

‘இடம்’ என்னும் கூறு 7, 2, 5 ஆகிய உருபொருள்களுக்கு இவ்வரிசையில் சேர்க்கப்படுவதாகக் கொள்வோம். அடர் அணியின் 0, 1, 2ஆம் அறைகளில் முறையே 7, 2, 5 அமையும். இடைவெளி அணியின் 7ஆம் அறையில் 0, 2ஆம் அறையில் 1, 5ஆம் அறையில் 2 எனக் குறிக்கப்படும். கூறின் தரவும் அடர் அணியின் வரிசையிலேயே அடுக்கப்படும். 7ஐ நீக்கினால், கடைசியிலுள்ள 5 அதன் அறைக்கு நகரும். இடைவெளி அணியின் 5ஆம் அறை 0 எனத் திருத்தப்படும். உருபொருள்கள் எத்தனையாயினும் தேடலும் நீக்கலும் மாறாத சில படிகளில் முடிகின்றன. தரவு அடுத்தடுத்து இருப்பதால், வரிசையாகப் படிக்கையில் கேஷ் நினைவகம் நன்கு பயன்படுகிறது.

ஈடாகக் கொடுப்பவை

முதலாவது, நீக்கலால் வரிசை குலைகிறது. இரண்டாவது, இடமும் வேகமும் ஒருங்கே வேண்டும் செயலமைப்பு ஒரு கணத்தை வரிசையாகப் படித்து, ஒவ்வோர் உருபொருளும் மற்றதில் உண்டா எனச் சோதிக்க வேண்டும். அப்போது நினைவகத்தில் தாவ நேர்கிறது. இரு கணங்களையும் ஒத்த வரிசையில் வைக்கும் ‘குழு’ வசதி இதனைத் தவிர்க்கிறது. எனினும் ஒரே கூறினை ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிசைகளில் அடுக்க இயலாது.

சி மொழியில் அமைந்த ஃப்ளெக்ஸ் நிரலகம் வேறு வழியில் செல்கிறது. ஒத்த கூறுகளை உடைய உருபொருள்களை அது ஒரே அட்டவணையில் வைக்கிறது. பல கூறுகளைச் சேர்த்துப் படிப்பது அதில் விரைவு. ஆனால் தரவுடைய கூறு ஒன்றைச் சேர்த்தாலும் உருபொருளின் பிற தரவும் வேறு அட்டவணைக்குப் பெயர வேண்டும்.

முடிவுரை

ஆகவே ‘இலகு’ என்பது நிரலகத்தின் அளவை மட்டும் குறிப்பதன்று. எச்செயல் இலகு என்பதே வினா. கூறுகள் அடிக்கடி சேர்ந்தும் நீங்கியும் மாறும் இடங்களில் என்டிடியின் கணமுறை பொருந்தும். சேர்த்துப் படிப்பதே மிகுதியான இடங்களில் அட்டவணைமுறை பொருந்தும். தரவமைப்புப் பாடத்தில் இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கற்பித்தால், மாணவர் நிரலகத்தைப் பெயரால் அன்றிப் பயனால் தெரிவுசெய்யப் பழகுவர்.