மீட்டர் இல்லாத பேச்சு

எஸ்டிடி, ஐஎஸ்டி என்று மஞ்சள் பலகை மாட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசியவர்களுக்கு இது நினைவிருக்கும்: காது ரிசீவரில் இருந்தாலும் கண் என்னவோ மேலே ஓடும் சிவப்பு எண்களில்தான். "நல்லா இருக்கியாப்பா? நேரத்துக்குச் சாப்பிடுறியா? சரி, காசு ஏறுது, வச்சிடட்டுமா?" வளைகுடாவில் வேலை பார்த்த மகனிடம் தாய் பேசியது பல வீடுகளில் இவ்வளவுதான். நடுவில் தொண்டை அடைத்து நின்றால், அந்த நேரத்துக்கும் மீட்டர் ஓடியது.

பழைய தொலைபேசியின் அமைப்பே அப்படி. இணைப்பு கிடைத்ததும் இரு முனைகளுக்கும் இடையே ஒரு தடம் அந்த இருவருக்கென்றே ஒதுக்கப்பட்டுவிடும். பேசினாலும் பேசாமல் நின்றாலும், ரிசீவரை வைக்கும்வரை அது அடைபட்டுத்தான் கிடக்கும். நாட்டு எல்லையைத் தாண்டினால் அந்த ஊர் நிறுவனத்துக்கும் பங்கு போகும்.

இணையவழி அழைப்பில் ஒதுக்கீடு என்ற பேச்சே கிடையாது. குரல் எண்களாக மாறி, பெரும்பாலும் நொடிக்கு 50 துண்டுகளாக நறுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டிலும் 20 மில்லிநொடிப் பேச்சு. ஊரார் பார்க்கும் சினிமாவும் அலுவலக மின்னஞ்சலும் போகும் அதே பாதையில் இவையும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. ஒரு துண்டு வழியில் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்குவதில்லை. அது வந்து சேர்வதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். முன்பின் ஒலியை வைத்து மென்பொருளே ஒட்டுப் போட்டுவிடுகிறது. நாம் வாய் மூடியிருக்கும் நேரத்தில் துண்டுகளைக் குறைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. மௌனத்துக்குக் காசு பிடுங்காத தொலைபேசி இது.

செலவு எவ்வளவு? இன்றைய சிக்கனமான குரல் சுருக்க முறைகளில், போக வர இரண்டையும் சேர்த்து, ஒரு மணி நேரப் பேச்சுக்குச் சுமார் 40 எம்பி. நாளுக்கு 1.5 ஜிபி கிடைக்கும் இணைப்பில் இதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. சிங்கப்பூருக்குப் பேசினாலும் பக்கத்துத் தெருவுக்குப் பேசினாலும் அதே 40தான்.

மலிவைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். தெளிவைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியை மட்டுமே கடத்தியது. 'எஸ்' எது, 'எஃப்' எது என்று பிரித்துக்காட்டும் சீறல் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. இனிஷியல் சொல்லும்போது "எஸ்... சேலம் எஸ்" என்று கத்த வேண்டியிருந்தது அதனால்தான். இணைய அழைப்புகள் பலவும் 7,000 ஹெர்ட்ஸையும் தாண்டிக் கொண்டு வருகின்றன.

இஸ்ரேலின் வோக்கல்டெக் 1995-லேயே கணினிவழிப் பேச்சை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. 2003-இல் வந்த ஸ்கைப் அதை வீடுகளுக்குள் கொண்டுபோனது. அந்த ஸ்கைப்பும் 2025 மே மாதம் மூடப்பட்டது. இந்தியாவில் 2002 ஏப்ரலில், பல கட்டுப்பாடுகளோடு, இணையவழிப் பேச்சுக்கு அனுமதி கிடைத்தது. வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு வந்தது 2015-இல்தான். இப்போது செயலிகூட இல்லாமல், டவர் எட்டாத கான்கிரீட் வீட்டுக்குள் வைஃபை வழியாகச் சொந்த எண்ணிலேயே பேசலாம். கைபேசியின் செட்டிங்ஸில் 'வைஃபை காலிங்' என்று இருக்கும். பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. செப்புக் கம்பித் தொலைபேசிக்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். கரண்ட் போனாலும் பேசலாம். இன்று மோடம் அணைந்தால் வைஃபை பேச்சும் நின்றுவிடும். வாட்ஸ்அப்பிலிருந்து அவசர உதவி எண்ணான 112-ஐ அழைக்கவும் முடியாது.

இதைவிட வினோதம் ஒன்று உண்டு. இந்த வசதியை அதிகம் வேண்டுகிற புலம்பெயர் தொழிலாளர்கள் குவிந்திருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு நெடுங்காலமாகவே முடக்கப்பட்டிருக்கிறது. சவுதி அரேபியா 2017-இல் இணைய அழைப்புகள் மீதான தடையைப் பெருமளவு தளர்த்தியது. அமீரகமோ போட்டிம் போன்ற, உரிமம் பெற்ற செயலிகளோடு நின்றுகொண்டது. உள்ளூர்ச் சொந்தங்களுக்கெல்லாம் வாட்ஸ்அப் இருக்க, துபாயில் இருக்கும் மகன் ஒருவனுக்காகவே அம்மாவின் கைபேசியில் போட்டிம் தனியாக உட்கார்ந்திருக்கிறது.