சேர்ந்து பாடினால் இதயம் என்ன செய்யும்?

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயிலும் நினைவுக்கு வரும். அந்த ஊருக்குப் பக்கத்துக் கிராமம் புஞ்சரசந்தாங்கல். கட்டைக்கூத்து என்னும் நாட்டுப்புற நாடகத்தின் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபாலும் அவர் மனைவி ஹன்னே டி ப்ரூனும் 2002-ல் அங்கே ஒரு குருகுலம் தொடங்கினார்கள். ராஜகோபால் பத்து வயதிலேயே பள்ளியை விட்டுக் கூத்தாட வந்தவர். அதனால் அவருடைய குருகுலத்தில் பாடமும் இருந்தது, கூத்தும் இருந்தது. ஆண்களே பெண் வேடம் கட்டிவந்த கலையைச் சிறுமிகளும் அங்கே கற்றார்கள்.

கூத்து லேசான வேலை இல்லை. தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, காலில் சலங்கை. இத்தனையும் கட்டிக்கொண்டு சுழன்று ஆட வேண்டும். உச்சக் குரலில் பாடவும் வேண்டும். அதுவும் விடிய விடிய! மூச்சு கட்டுக்குள் இருந்தால்தான் முடியும்.

அந்த மூச்சுக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு? இப்போது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல் வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும். மெதுவாக விடும்போது தணியும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்புதான் அப்படி அதைத் தணிக்கிறது. நீளமாக ஓர் அடி பாடுவது என்றால் என்ன? மூச்சை நீளமாக விடுவதுதான்!

கூத்தில் ஒருவர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு இழுத்து, ஒரே நீளத்துக்கு விடுகிறார்கள். அப்போது இதயங்கள்? ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 வயது மாணவர்களைச் சேர்ந்து பாடவைத்து அளந்தார்கள். அவர்களின் இதய வேகம் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கியது. 2013-ல் வெளியான ஆய்வு இது. தனியாகப் பாடுவதைவிடக் கூடிப் பாடுவது எனக்குப் பெரிதாகப் படுவது இதனால்தான்.

உலக சுகாதார நிறுவனமும் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைகள் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் துணை செய்கின்றன என்று 2019-ல் அறிக்கை வெளியிட்டது. துணைதான், மருந்துக்கு மாற்று இல்லை. காய்ச்சல் வந்தால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். வீட்டுப் பெரியவர்களோடு போங்கள். வேடக்காரர்களை மட்டும் பார்க்காமல், பின்பாட்டுக்காரர்கள் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று கவனியுங்கள். கண்டுபிடித்தால் எங்களுக்கு எழுதுங்கள்.