டிஸ்கஸ் வாங்கும் முன் தொட்டியைப் பாருங்கள்

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் மற்ற தொட்டிகளை மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டே நடப்பவர்கள்கூட டிஸ்கஸ் தொட்டி முன்னால் நின்றுவிடுவார்கள். உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக, தட்டையாக, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக அவசரமே இல்லாமல் நீந்தும் மீன் அது. பார்த்ததும் வாங்கத் தோன்றும். அடுத்து வழக்கமாக எழுகிற கேள்வி: “வீட்டுத் தொட்டியில ஏற்கெனவே கோல்ட் ஃபிஷ், ஏஞ்சல் எல்லாம் இருக்கு. அதுங்களோட இதையும் விடலாமாண்ணே?”

பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்கு ஒரே பதில்தான்: விடக்கூடாது. டிஸ்கஸ் சண்டைக்கார மீன் என்பதால் அல்ல. சொல்லப்போனால் சிக்லிட் குடும்பத்திலேயே சாதுவான மீன்களில் அதுவும் ஒன்று. சிக்கல் அதன் குணத்தில் இல்லை. கூட இருக்கும் மீன்களுக்கு ஒத்துப்போகும் தண்ணீர் அதற்கு ஒத்துப்போகாது என்பதில் இருக்கிறது.

டிஸ்கஸின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் அமேசான் படுகை. இயற்கையாளர் யோகான் நாட்டரர் பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றில் சேகரித்து அனுப்பிய மீனை வைத்து, வியன்னாவில் இருந்த யோகான் யாக்கோப் ஹெக்கல் 1840-இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அந்த ஆற்றுத் தண்ணீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் இருக்கும். காட்டு இலைகள் ஊறி ஊறி அமிலத்தன்மை ஏறிய, உப்புகள் ஏறக்குறைய இல்லாத, வெதுவெதுப்பான நீர். கரையோரம் சாய்ந்து விழுந்த மரங்களின் கிளைகளுக்கிடையே, நீரோட்டம் மெதுவாக உள்ள இடங்களில் டிஸ்கஸ் கூட்டமாக ஒதுங்கி வாழும். கிளைச் சந்துகளில் நுழைந்து திரும்புவதற்குத் தோதாகத்தான் உடம்பு அப்படித் தட்டையாக அமைந்திருக்கிறது.

இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பண்ணைகளில் பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்டவை. அதனால் ஆற்றில் இருக்கும் அளவுக்கு மென்மையான நீர் அவற்றுக்குக் கட்டாயமில்லை. பி.எச். அளவு 7-ஐச் சற்றுத் தாண்டினாலும் பழகிக்கொள்ளும். பி.எச்.சைக் குறைக்கிறேன் என்று வாரம் ஒரு மருந்தைத் தொட்டியில் ஊற்றுபவர்கள்தான் மீனுக்கு அதிகக் கெடுதல் செய்கிறார்கள். அளவு கொஞ்சம் கூடக்குறைய இருப்பதைவிட அடிக்கடி ஏறி இறங்குவதே ஆபத்து. போர் தண்ணீரில் டி.டி.எஸ். மிக அதிகமாக இருந்தால், ஆர்.ஓ. தண்ணீரை ஒரே விகிதத்தில் கலந்து பயன்படுத்துவது போதும். முட்டை பொரிய வைக்க நினைப்பவர்களுக்கு மட்டும் மென்மையான நீர் அவசியம்.

வெப்பநிலையில் மட்டும் சமரசமே கிடையாது. டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வேண்டும். கோல்ட் ஃபிஷ் குளிர்ந்த நீரின் மீன். அந்தச் சூட்டில் அதை வருடக்கணக்கில் வைத்திருப்பது கொடுமை. நியான் டெட்ராவும் 25 டிகிரிக்குக் கீழேதான் நிம்மதியாக இருக்கும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். தொட்டியில் மீன்களை நெருக்கி அடைத்திருந்தால் முதலில் தெரிவது இந்தக் குறைதான். கோடையில் சென்னை வீடுகளில் ஹீட்டர் தேவைப்படாமல் போகலாம். மார்கழி இரவுகளில் அது இல்லாமல் முடியாது.

அடுத்தது சாப்பாடு. கலப்புத் தொட்டி ஒன்றில் உறைந்த பிளட் வார்ம் துண்டைப் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் போதும். டைகர் பார்ப்கள் துண்டு கரைவதற்குள் பிய்த்துத் தின்னும். ஏஞ்சல் குறுக்கே பாய்ந்து வாய் நிறைய அள்ளும். டிஸ்கஸ் மெதுவாக வரும், ஒரு புழுவைப் பார்க்கும், பின்வாங்கும், மறுபடி வரும். அடியில் விழுந்ததைத் தேடுவதற்கு மணலை நோக்கி வாயால் தண்ணீரைப் பீய்ச்சி, கிளறி, பொறுக்கும். அதற்குள் தொட்டி காலி. இப்படி நாள்தோறும் அரை வயிறாகக் கிடக்கும் மீன் ஒரே வாரத்தில் செத்துவிடாது. மாதக்கணக்கில் இளைக்கும், கறுத்துப் போகும், மூலையில் சாய்ந்து நிற்கும். வெள்ளையாக நூல்போல மலம் போனால் குடலில் ஒட்டுண்ணி பெருகியிருக்க வாய்ப்பு அதிகம்.

டைகர் பார்பின் மேல் இன்னொரு புகாரும் உண்டு: நிதானமாக நீந்தும் மீன்களின் துடுப்பைக் கடிக்கும். ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் சக்கர் மீன் அதைவிட மோசம். வளர வளர அது பாசியை விட்டுவிட்டு, இரவில் டிஸ்கஸின் அகன்ற பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு தோலின் மேலிருக்கும் வழவழப்பை உறிஞ்சத் தொடங்கும். டிஸ்கஸுக்கு அந்த வழவழப்பு மற்ற மீன்களைவிடப் பெரிய சொத்து. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாயும் தகப்பனும் தங்கள் தோலில் சுரக்கும் கோழையையே அவற்றுக்கு உணவாகக் கொடுக்கின்றன. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் காலத்தில் கோழையில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுவதைக் காட்டினார்கள். ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் பெற்றோர் குஞ்சுகளைவிட்டு விலகி நீந்தத் தொடங்குவதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். பாலூட்டிகள் குட்டியைப் பால் மறக்கடிப்பதற்கு நிகரான நடத்தை ஒரு மீனிடம்!

ஒற்றை டிஸ்கஸோ ஜோடியோ வாங்கினால் போதும் என்று நினைப்பதும் தவறு. இரண்டு மட்டும் இருந்தால் பலமானது மற்றதை இரை பக்கம் வரவிடாமல் விரட்டிக்கொண்டே இருக்கும். ஐந்தாறு இருந்தால் அந்த அதட்டல் எல்லார் மேலும் பரவி நீர்த்துப்போகும். ஆறு டிஸ்கஸுக்கு நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி வேண்டும். அதில் சுமார் 250 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீரின் எடையே கால் டன். மாடி வீட்டுக்காரர்கள் வைக்கும் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரவேற்பறை மேசையில் நிற்கும் இரண்டடித் தொட்டியின் கொள்ளளவு 56 லிட்டர்தான். அதில் வளர்ந்த டிஸ்கஸ் ஒன்றுகூட முறையாக வாழ முடியாது.

பராமரிப்பு என்பது முக்கியமாகத் தண்ணீர் மாற்றுவதுதான். வாரம் ஒருமுறையாவது மூன்றில் ஒரு பங்கை மாற்ற வேண்டும். புதிதாக விடும் நீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கியை மறக்கவே கூடாது. மின்வெட்டு நேரத்துக்குப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

இத்தனையும் கேட்டபின், டிஸ்கஸோடு வேறு மீனே வளர்க்க முடியாதா என்று தோன்றலாம். முடியும். வரிசையை மாற்ற வேண்டும்: இருக்கும் கூட்டத்தில் டிஸ்கஸைத் திணிக்காமல், டிஸ்கஸுக்காகவே தொட்டி அமைத்து அதற்கு ஏற்ற கூட்டாளிகளைச் சேர்க்க வேண்டும். முதல் தேர்வு கார்டினல் டெட்ரா. ரியோ நீக்ரோவின் கரையில் உள்ள பார்செலோஸ் என்ற ஊர், வண்ண மீன் பிடிப்பதற்குப் பெயர் பெற்றது. அங்கே நடக்கும் வண்ண மீன் திருவிழாவில் ஊரே இரண்டு அணியாகப் பிரிந்து ஆடிப்பாடிப் போட்டியிடும். ஒரு அணியின் பெயர் டிஸ்கஸ், மற்றதன் பெயர் கார்டினல். ஒரே ஆற்றுச் சூட்டுக்குப் பழகிய மீன்கள் என்பதால் தொட்டியிலும் இரண்டும் நன்றாகப் பொருந்தும். தரையில் விழும் மிச்ச உணவைப் பொறுக்க ஸ்டெர்பாய் கோரிடோராஸ் சூட்டைத் தாங்கும் நல்ல மீன். ரம்மிநோஸ் டெட்ராவும் ராம் சிக்லிட்டும் சரிப்படும். ஏஞ்சல் சூட்டைத் தாங்கினாலும், இரைக்குப் போட்டி போடும். தனக்குத் தொல்லை தராத ஒட்டுண்ணிகளை டிஸ்கஸுக்குக் கடத்தவும் கூடும். தவிர்ப்பதே நல்லது.

வாங்கும்போது விலை குறைவு என்று இரண்டங்குலக் குஞ்சுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவற்றுக்கு ஒரு நாளில் நான்கைந்து வேளை இரையும், அதற்கேற்ப அடிக்கடி தண்ணீர் மாற்றமும் தேவை. கலப்புத் தொட்டியில் அது நடக்காது. நான்கங்குலத்துக்கு மேல் வளர்ந்த மீனைப் பாருங்கள். உடம்பு வட்டமாக இருக்கிறதா, உடம்பின் அளவுக்குக் கண் பெரிதாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். பெரிய கண் என்றால் வளர்ச்சி குன்றிய மீன். கடைக்காரரிடம் இரை போடச் சொல்லி, முன்னால் வந்து தின்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். எந்தப் புது மீனையும் ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

இரண்டடித் தொட்டியும் கோல்ட் ஃபிஷும் வைத்திருப்பவர்கள் டிஸ்கஸைக் கடையிலேயே ரசித்துவிட்டு வருவது நல்லது. நான்கடித் தொட்டிக்கு இடமும், வாரந்தோறும் வாளி தூக்க மனமும் உள்ளவர்கள் தயங்காமல் ஆறு மீன் வாங்கலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து ஆண்டுகூட வாழும்.