வீட்டு இணையப் பெட்டியின் வெளிவாயில்

இணைய இணைப்புப் பெற்ற அங்கத்தினர் இல்லங்களில் சுவரோரமாக விளக்குகள் மின்ன அமர்ந்திருக்கும் சிறு பெட்டியை ரௌட்டர் என்பர். அதனுள் ஒரு நிர்வாகப் பக்கம் உண்டு என்பதைப் பலர் அறியார். வீட்டுக் கணினியில் 192.168.1.1 போன்றதொரு முகவரியை இட்டால் அது திறக்கும். உரிய எண் பெரும்பாலும் பெட்டியின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும்.

இப்பக்கத்தை வெளியூரிலிருந்தும் திறக்க இடந்தரும் அமைப்பிற்கு ‘ரிமோட் மேனேஜ்மெண்ட்’, அதாவது தொலை நிர்வாகம், என்று பெயர். வசதியானதுதான். ஆயினும் நாம் நுழையும் வாயிலை உலகிலுள்ள எவரும் தட்டலாம் அன்றோ? தட்டுவோர் பெரும்பாலும் மனிதர் அல்லர். முகவரி முகவரியாக இரவுபகல் சோதித்துச் செல்லும் கணினி நிரல்கள். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாத காமிராக்களையும் ரௌட்டர்களையும் 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல் இவ்வாறு தட்டியே கைப்பற்றியது. பெட்டியின் நிர்வாகம் அந்நியர் கைக்குப் போனால், வங்கியின் பக்கத்தை நாடுவோரைப் போலிப் பக்கத்திற்குத் திருப்பிவிடவும் அவர்களால் இயலும்.

ஆகவே அங்கத்தினர்கள் அவ்வமைப்பு மூடியிருக்கிறதா என்று பார்த்து, திறந்திருப்பின் மூடிவிடுதல் நலம். தவிர்க்கவியலாத தேவையுள்ளோர் கடவுச்சொல்லை நீளமானதாக மாற்றி, குறிப்பிட்ட ஒரே முகவரியிலிருந்து மட்டும், மறையாக்கம் செய்த இணைப்பின் வழியே நுழையுமாறு அமைத்துக்கொள்க. விபிஎன் என்னும் மறைவழி இதனினும் மேலானது. பொது முகவரியொன்றைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் இணைப்புகளில் இவ்வாயிலைத் திறந்தாலும் வெளியிலிருந்து எட்டுவது அரிது என்பதையும் சொல்லிவைக்கலாம்.

இணைப்புத் தரும் கம்பெனிக்கு வேறொரு வாயில் உண்டு. டி.ஆர். 069 என்னும் முறை அது, 2004இல் வெளியிடப்பட்டது. வீட்டிற்கு ஆள் அனுப்பாமலே பெட்டியைத் திருத்தவும் புதுப்பிக்கவும் பயன்படுவது. இதற்குரிய 7547ஆம் எண் வாயிலைக் குறிவைத்து, 2016 நவம்பர் இறுதியில், மிராயின் மாற்றுருவொன்று பரவிற்று. ஜெர்மனியில் டாய்ச்சு டெலிகாம் கம்பெனியின் வாடிக்கையாளரில் ஏறக்குறைய 9 லட்சம் பேருக்கு இணைப்புப் பழுதாயிற்று. அப்பெட்டிகள் தீநிரலுக்கு வசப்படவில்லை. தாக்குதலைத் தாங்காமல் முடங்கின. கம்பெனி புதிய மென்பொருளை வெளியிட்டு, பெட்டியின் மின்னிணைப்பைச் சற்று எடுத்துப் பின் செருகுமாறு அறிவுறுத்தியது. இவ்வாயிலைத் தன் நிலையக் கணினிகளுக்கு மட்டும் திறந்து வைப்பது கம்பெனியின் கடமையே. நாம் செய்யத்தக்கது, பெட்டியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டு வருகிறதா என்று கேட்டறிவது.

மற்றொன்று. பெட்டியின் பின்புறச் சிறு துளையில் ஊசியிட்டு அழுத்தினால், நாம் இட்ட கடவுச்சொல் மறைந்து தொழிற்சாலைக் கடவுச்சொல்லே மீளும். பழுது பார்ப்போர் இவ்வாறு செய்வதுண்டு. அவர் விடைபெற்ற அன்றே நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, கடவுச்சொல்லையும் தொலை நிர்வாக அமைப்பையும் மீண்டும் சரிபார்த்துக்கொள்க.