பேருந்தில் ஓர் இடம்: மாண்ட்கோமரியும் பட்டிவீரன்பட்டியும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றதும் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரமும், பேருந்தில் தம் இருக்கையை விட்டெழ மறுத்த ஒரு பெண்மணியும் நம் நினைவுக்கு வருகின்றனர். அந்நிகழ்ச்சிக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே தென் தமிழகத்திலும் பேருந்தின் படிக்கட்டில் இதே வழக்கு எழுந்தது. அதைத் தீர்த்து வைத்தவர் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்துப் பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்தவர். இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினால், மனிதரை மனிதர் ஒதுக்கி வைக்கும் முறை எதனால் நிலைபெறுகிறது, எதனால் தகர்கிறது என்பது விளங்கும்.

அமெரிக்காவில் அடிமைமுறை 1865இல் ஒழிந்தது. ஆயினும் தென் மாநிலங்கள் பள்ளி, உணவகம், இரயில், இடுகாடு என ஒவ்வொன்றிலும் நிறத்தால் பிரிக்கும் சட்டங்களை இயற்றின. வசதிகள் சமமாயிருப்பின் பிரித்து வைப்பது தவறன்று என 1896இல் உச்ச நீதிமன்றமே அதற்கு ஒப்புதல் அளித்தது. பொதுப்பள்ளிகளைப் பொறுத்தவரை இக்கொள்கையை அந்நீதிமன்றம் 1954இல்தான் கைவிட்டது.

மாண்ட்கோமரிப் பேருந்துகளில் முன்வரிசைகள் வெள்ளையருக்கு உரியவை. பின்வரிசைகள் கறுப்பருக்கு. நடுவரிசையில் அமர்ந்த கறுப்பர், வெள்ளையர் நிற்க நேர்ந்தால் எழுந்துவிட வேண்டும். 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் எழ மறுத்துக் கைதானார். அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே கிளாடெட் கோல்வின் என்னும் பதினைந்து வயது மாணவி அவ்வாறே மறுத்துக் கைதாகியிருந்தார். பார்க்ஸ் கைதானதைத் தொடர்ந்து கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். பயணிகளில் பெரும்பாலோர் அவர்களே ஆதலால் பேருந்து நிறுவனத்தின் வருவாய் சரிந்தது. இன்னொருபுறம், கோல்வின் உள்ளிட்ட பெண்கள் தொடுத்த வழக்கில் 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பேருந்துப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை உறுதி செய்தது. மக்களின் மறுப்பும் நீதிமன்றத்தின் ஆணையும் இணைந்தபோதுதான் முன்வரிசை திறந்தது.

தமிழகத்தில் நிலைமை ஒருவகையில் இதனினும் கொடிது. அங்குப் பின்னிருக்கையாவது இருந்தது. இங்குத் தாழ்த்தப்பட்டோருக்குப் பல தனியார் பேருந்துகளில் ஏறவே இடமில்லை. பொதுச் சாலைகளில் தாழ்த்தப்பட்டோர் நடந்து செல்வதை எவரும் தடுக்கலாகாது என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். சாலையில் நடப்பதற்கே தீர்மானம் தேவைப்பட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நடக்கும் உரிமை ஏட்டில் கிடைத்த பின்னும், அச்சாலையில் ஓடிய பேருந்தில் ஏறும் உரிமை கிடைத்தபாடில்லை.

இந்நிலையில் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராகப் பொறுப்பேற்றார் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் (1893–1953). 1929இல் செங்கற்பட்டில் நடைபெற்ற முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அவர் பிறந்த நாடார் சமூகமும் ஒதுக்கப்பட்டதன் வலியை அறிந்ததே. கமுதிக் கோயிலுள் 1897இல் நுழைந்ததன் பேரில் அச்சமூகத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. தாம் பட்ட இழிவைத் தமக்குக் கீழாகக் கருதப்பட்டோர் மீது சுமத்துவதே சாதி அடுக்கின் இயல்பு. சௌந்தரபாண்டியனார் அவ்வியல்பை மீறினார். தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் இரத்தாகும் என ஆணையிட்டார். பேருந்து முதலாளிகளின் மனச்சான்றை நோக்கி வேண்டுகோள் விடுத்துக்கொண்டிராமல், அவர்களுடைய தொழிலின் உயிர்நாடியிலேயே அவர் கைவைத்தார். கதவுகள் திறந்தன.

இவ்விரு வரலாறுகளும் திண்டுக்கல் சமவெளியில் ஒருமுறை சந்தித்தன எனலாம். மாண்ட்கோமரிப் போராட்டத்தை வழிநடத்திய மார்ட்டின் லூதர் கிங் 1959 பிப்ரவரியில் தம் துணைவியார் கொரெட்டாவுடன் இந்தியா வந்தார். அப்பயணத்தில் அவர்கள் திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்துக்கும் வருகை தந்தனர். டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய ஊரகக் கல்விப் பணி மையம் அது. பட்டிவீரன்பட்டிப் பகுதியில் நிலமற்ற தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்து, சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் கல்வி பெற்ற கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், பின்னாளில் கீழத்தஞ்சையில் நிலமற்ற பெண்களுக்கு நிலம் பெற்றுத்தரும் பணியில் ஈடுபட்டார். பேருந்தில் இடம் பெற்றோருக்கு மண்ணிலும் இடம் வேண்டும் என்பதே அப்பணியின் உட்பொருள்.

அதே பயணத்தில் திருவனந்தபுரத்துப் பள்ளியொன்றில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர் என்று தம்மை அறிமுகப்படுத்தினார்கள் எனக் கிங் 1965இல் ஆற்றிய உரையில் நினைவுகூர்ந்தார். முதலில் அதிர்ந்ததாகவும், பின்னர் அது உண்மையே என ஏற்றதாகவும் கூறினார். அவர் போராட்டத்தின் இன்னொரு முனையில் நின்ற மால்கம் எக்ஸ் 1964இல் ஹஜ் செய்தபோது, எல்லா நிறத்தவரும் ஒரே தட்டில் உண்பதைக் கண்டு, நிறத்தைப் பற்றிய தம் பழைய முடிவுகளை மாற்றிக்கொண்டார். இருவரையும் மாற்றிய அனுபவங்கள் வேறாயினும், தம் துயரைப் பிறர் நிலையோடு ஒப்பிட்டு நோக்கிய துணிவு இருவருக்கும் பொதுவானது.

அமெரிக்காவில் 1964இல் குடியியல் உரிமைச் சட்டமும், 1965இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. இந்தியாவோ அவர்களை முந்திக்கொண்டது. அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976இல் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. எனினும் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் தலித் குடியிருப்பைப் பிரித்து எழுப்பப்பட்ட சுவரின் ஒரு பகுதியை அகற்றி வழி திறக்க 2008 மே வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சட்டம் பிறந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னும் சுவர் நின்றது.

காரணம் வெளிப்படை. நிறம் கண்ணுக்குத் தெரிவது. சாதியோ கேட்டறியப்படுவது. எந்த ஊர், எந்தத் தெரு என்னும் எளிய வினாக்களே இங்கு எல்லைக்கோடுகளாகின்றன. அவ்வினாவுக்குப் பேருந்து நடத்துநர் மட்டுமே பொறுப்பல்லர். வீட்டை வாடகைக்கு விடுபவரும், தேநீர்க்கடையில் தனிக் குவளை வைப்பவரும், அதைக் கண்டும் தம் குவளையை அருந்தி முடிப்பவரும் பொறுப்பாளிகளே. மாண்ட்கோமரி மக்களிடம் நடப்பதற்குக் கால்கள் இருந்தன. பட்டிவீரன்பட்டியாரிடம் கையொப்பமிடப் பேனா இருந்தது. அவரவர் கையில் இருந்ததைக் கொண்டு அவரவர் செய்தனர். நம் கையில் இருப்பது யாது என்பதே இவ்வரலாறு நம்மிடம் கேட்கும் கேள்வி.