நத்தையின் பூர்வீகத்தைக் கண்டறிவது எப்படி?

தென்னாட்டுக் கண்மாய்ச் சேற்றில் முறுக்கிய கூம்புபோல் நீண்ட ஓடுடைய சிறு நத்தை ஒன்று உண்டு. மெலனாய்டிஸ் டியூபர்குலேட்டா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். 1774ஆம் ஆண்டில் டென்மார்க் அறிஞர் முல்லர் இதை முதன்முதல் விவரித்தபோது, கிடைத்த இடமாகக் குறித்தது சோழமண்டலக் கரையையே. இங்கு இயல்பாய் வாழும் இந்நத்தை, மீன் தொட்டி வாணிபத்தின் வழியே அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் குடியேறி, அங்கே அந்நியப் பிராணியாகப் பெருகிவிட்டது. டெக்சாஸ் மாநிலத்தில் மீனின் செவுளைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழுவுக்கும் இதுவே இடம் கொடுத்தது.

பெண் நத்தை ஆணின் துணையின்றியே குஞ்சுகளை ஈனும். சிவகாசி அச்சகத்தில் ஒரே தகட்டில் அடித்த லேபிள்களைப்போல் அவை யாவும் தாயை ஒத்திருக்கும். ஆகவே ஒரு நத்தை புகுந்தாலும் ஒரு குளத்துக்குப் போதும்.

எந்த நாட்டிலிருந்து, எத்தனை முறை வந்தது என்பதை ஓட்டை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க இயலாது. இதற்கே மரபணுக் குறிகள் பயன்படுகின்றன. நெசவாள அன்பர்கள் இதனை எளிதில் உணர்வர். சேலைக் கரையில் ஒரே பூ ஒரு தறியில் 12 முறையும், மற்றொன்றில் 15 முறையும் வருவதாகக் கொள்வோம். பூக்களை எண்ணியே தறியைச் சொல்லிவிடலாம். மரபு இழையிலும் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. அந்த எண்ணிக்கை வமிசத்துக்கு வமிசம் மாறும். நத்தையின் தசையிலிருந்து மரபு இழையைப் பிரித்து, அத்தகைய இடங்களைத் தேடி, அவற்றைப் பல மடங்கு நகலெடுத்து நீளத்தை அளக்கின்றனர். எல்லா நத்தையிலும் எண் ஒன்றாகவே இருப்பின் அக்குறியால் பயனில்லை, மாறுபடுபவற்றையே தேர்ந்தெடுக்கின்றனர்.

இம்முறையில் பிரெஞ்சு ஆய்வாளர் 1999இல் இந்நத்தையை ஆராய்ந்தனர். மார்ட்டினிக் தீவுக்கு அது ஒருமுறையன்றிப் பலமுறை, பல இடங்களிலிருந்து வந்தது என்பது 2008இல் வெளியான ஆய்வில் தெளிவாயிற்று. ஒவ்வொரு வரவும் புதிய குணங்களைச் சேர்த்து அதன் வலிமையைப் பெருக்கியது. ஆதலின், 'ஏற்கெனவே வந்துவிட்டதே' என்று வாளாவிருத்தல் தவறு.

இது நமக்கும் பாடமாகும். தென் அமெரிக்கத் தங்க ஆப்பிள் நத்தை 1980ஐ ஒட்டி உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் நெல்நாற்றைத் தின்று உழவரை வருத்தியது. நம் நாட்டு ஆப்பிள் நத்தை ஈர மண்ணில் வெண்ணிற முட்டையிடும். அந்நிய நத்தையோ நீருக்கு மேல் தண்டுகளில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகளை ஒட்டிவைக்கும். அவற்றைக் கண்டால் உடனே வேளாண்மை அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். மீன் தொட்டிச் செடியையும் நத்தையையும் கண்மாயில் கொட்டாதிருப்பது நம் ஒவ்வொருவரின் கடமை.